சாக்கெட்டை யார் மூடுவது: க்ளோஸ், டைம்அவுட், ஈவென்ட்எஃப்டி, ஷட்டவுன்

"சார், வண்டி மாதவரத்துல என் கண்ணு முன்னாடி நிக்குது. உங்க ஸ்கிரீன்ல வேளச்சேரில ஓடுது." லாரி ஆபீஸிலிருந்து இரவு பதினொரு மணிக்கு வந்த போன் இது. ஜிபிஎஸ் பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். கருவியைக் கழற்றி மாற்றியும் பார்த்தார்கள். மூன்று நாள் கழித்து அதே கோளாறு வேறு இரண்டு வண்டிகளுக்கு வந்தது. கடைசியில் தவறு என் சர்வரில், நான் எழுதிய ஒற்றை வரியில் இருந்தது.

தரமணியில் உட்கார்ந்து நாங்கள் பராமரிக்கும் சர்வர் அது. லினக்ஸ், சி++. ஒரு வண்டிக்கு ஒரு டிசிபி (நெட்வொர்க்) இணைப்பு, ஒரு இணைப்புக்கு ஒரு த்ரெட், அதாவது நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு இழை. கருவி இணைந்தவுடன் தன் அடையாள எண்ணை ஒரே ஒரு முறை சொல்லும். அதன்பின் இடத்தகவல் மட்டும்தான் வரும். மூன்று நிமிடம் பேசாத இணைப்பை மூடுவதற்குத் தனியாக ஒரு காவல் த்ரெட் வைத்திருந்தேன். அது நேரடியாக க்ளோஸ் என்ற மூடும் கட்டளையை அழைத்தது. அதுதான் அந்த வரி.

இதைச் சரிசெய்ய நான்கு வழிகளைப் பார்த்தேன். நான் தேர்ந்தெடுத்தது ஷட்டவுன். ஏன் என்று சொல்வதற்கு முன், க்ளோஸ் என்ன செய்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். மற்ற மூன்றையும் எடைபோடும் தராசு அதுதான்.

சாக்கெட் என்பது இணைப்பின் நம் பக்க முனை. நாம் கையில் வைத்திருப்பது அதன் எண் மட்டும், அதற்கு டிஸ்கிரிப்டர் என்று பெயர். தி.நகர் துணிக்கடைகளில் பையை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு டோக்கன் தருவார்களே, அதுபோல. டோக்கனைத் திருப்பிக் கொடுத்ததும் அதே எண் அடுத்தவருக்குப் போய்விடும். யுனிக்ஸில் இது தற்செயல் அல்ல, விதி: புதிதாகத் திறக்கும் எதற்கும், காலியாக இருக்கும் எண்களில் மிகச் சிறியதே கிடைக்க வேண்டும் என்கிறது போசிக்ஸ் என்ற தரநிலை. 27 காலியானால், அடுத்து வருகிறவருக்குப் பெரும்பாலும் 27தான்.

மாதவரம் வண்டி 27இல் இருந்தது. எஞ்சின் அணைந்து கருவி தூங்கியது. மூன்று நிமிடம் ஆனதும் காவல் த்ரெட் 27ஐ மூடியது. ரிசீவில், அதாவது தகவலை வாங்கும் அழைப்பில், காத்திருந்த த்ரெட்டுக்கு அது தெரியவே தெரியாது, ஏனென்றால் லினக்ஸில் க்ளோஸ் அப்படிக் காத்திருப்பவரை எழுப்பாது. நடுவில் நிற்கும் ரிசீவ் அந்த சாக்கெட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதால், மறுமுனைக்கு 'முடிந்தது' என்ற செய்தியும் போகாது. எண் மட்டும் காலியானது. வேளச்சேரி வண்டி இணைந்தது, அதற்கு 27 கிடைத்தது. பிறகு மாதவரம் கருவி விழித்து ஒரு தகவல் அனுப்பியது. பழைய த்ரெட் அதை ஒழுங்காகவே வாங்கியது. வாங்கிவிட்டு, லூப்பின் தலைக்குப் போய் மறுபடி 27இல் ரிசீவ் போட்டது. இப்போது அது வேளச்சேரி வண்டியின் சாக்கெட். வந்த இடத்தகவலை மாதவரம் வண்டியின் பெயரில் எழுதியது.

நிரல் இயங்குதளத்துக்கு விடுக்கும் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியின் வெளியீட்டில் இதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சில்லிட்டது. இரண்டு வேறு த்ரெட் எண்கள், அடுத்தடுத்த வரிகள், இரண்டிலும் ரிசீவ் 27. எந்த வரியிலும் பிழைக்குறி இல்லை. 'தப்பான டிஸ்கிரிப்டர்' என்று ஒரு -1 வந்திருந்தால்கூட முதல் நாளே பிடித்திருப்பேன்.

'மூடப்பட்டது' என்று ஒரு கொடி வைத்து, ரிசீவுக்கு முன் பார்த்தால் போதாதா என்று பக்கத்து சீட் தம்பி கேட்டான். போதாது. கொடியைப் பார்ப்பதற்கும் ரிசீவ் கெர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையத்துக்குள்) நுழைவதற்கும் நடுவே ஒரு இடைவெளி எப்போதும் இருக்கும். மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) போட்டுப் பூட்டலாம் என்றால், ரிசீவ் மணிக்கணக்கில் காத்திருக்கும், பூட்டும் கூடவே காத்திருக்கும். ஆகவே வேறு த்ரெட் பயன்படுத்திக்கொண்டிருக்கும் எண்ணை க்ளோஸ் செய்வது என்ற வழியை முழுவதுமாக ஒதுக்கிவிட்டேன்.

டைம்அவுட் வழி எளிது. சாக்கெட்டுக்கு ஐந்து விநாடி ரிசீவ் டைம்அவுட் வைத்தால், த்ரெட் அடிக்கடி விழித்துக் கொடியைப் பார்க்கும், தன் சாக்கெட்டைத் தானே மூடும். பாதுகாப்பானதுதான். சின்ன நிரலுக்கு இதையே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடிக்காதது, சர்வரை நிறுத்தச் சொன்னால் ஐந்து விநாடி வரை காத்திருக்க வேண்டும் என்பதும், வேலையே இல்லாமல் எல்லா த்ரெட்டும் விழித்து விழித்துத் தூங்குவதும்.

ஈவென்ட்எஃப்டி, அதாவது த்ரெட்டைத் தட்டி எழுப்புவதற்காகத் திறக்கும் ஒரு டிஸ்கிரிப்டர், அதைவிட நேர்த்தி. 2007இல் லினக்ஸ் 2.6.22உடன் வந்தது. அதற்கு முன்பு இதே வேலைக்கு ஒரு பைப்பைத் திறந்து வைத்துக்கொள்வார்கள். த்ரெட் ரிசீவில் நிற்காது, போல் (poll) என்ற அழைப்பில் நிற்கும், சாக்கெட்டையும் ஈவென்ட்எஃப்டியையும் சேர்த்துக் கவனிக்கும். மொத்த சர்வரையும் நிறுத்த ஒரே ஒரு ஈவென்ட்எஃப்டி போதும். ஆனால் என் தேவை தனித்தனி இணைப்பை மூடுவது. அதற்கு இணைப்புக்கு ஒன்று வேண்டும், டிஸ்கிரிப்டர் கணக்கு இரண்டு மடங்காகும். பெரும்பாலான லினக்ஸ்களில் ஒரு ப்ராசஸுக்கான தொடக்க வரம்பு 1024தான். உயர்த்திக்கொள்ளலாம், ஆனாலும் தேவையில்லாத சுமை. ஆயிரக்கணக்கான இணைப்புகளை ஈபோலில் (பலவற்றை ஒன்றாகக் கவனிக்கும் லினக்ஸ் வசதியில்) போட்டு நாலைந்து த்ரெட்டில் நடத்தும் அமைப்பில் நான் அதிகம் உழைத்ததில்லை. அங்கே இந்த வழிதான் முந்தும் என்று நினைக்கிறேன், அடித்துச் சொல்லமாட்டேன்.

இனி ஷட்டவுன். இருபக்கமும் மூடு என்று ஷட்டவுன் சொன்னால் மூன்று காரியம் நடக்கிறது. மறுமுனைக்கு முடிவுச் செய்தி போகிறது. ரிசீவில் தூங்கும் த்ரெட் 0 என்ற விடையோடு எழுகிறது. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: 27 என்ற எண் காலியாவதில்லை. உரிமையாளர் த்ரெட் வந்து க்ளோஸ் செய்யும் வரை அந்த எண்ணை வேறு யாருக்கும் கெர்னல் கொடுக்காது.

இன்னொரு நல்ல குணமும் உண்டு. ஷட்டவுன் ஒரு நிலை, ஒரு முறை தட்டிவிட்டுப் போகும் சிக்னல் அல்ல. த்ரெட் அந்த இடைவெளியில் இருக்கும்போது அழைத்தாலும், பிறகு அது போடும் ரிசீவுக்கும் 0தான் வரும். ஏற்கெனவே பஃபரில் இருந்த பைட்டுகள் முதலில் வரும், அவை தீர்ந்ததும் 0. தவறவிட வழியே இல்லை.

ஆனால் ஷட்டவுனை மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. முதல் முறை நானும் இங்கேதான் சறுக்கினேன். கருவி தானாகவே இணைப்பைத் துண்டிக்கிறது, உரிமையாளர் த்ரெட் 27ஐ மூடுகிறது, அதே நொடியில் காவல் த்ரெட் 27க்கு ஷட்டவுன் சொல்கிறது. அதற்குள் 27 வேறு வண்டிக்குப் போயிருந்தால்? பழைய நோய் வேறு வாசல் வழியாக வந்துவிட்டது. மருந்து சின்னது: இணைப்புக்கு ஒரு மியூடெக்ஸ். உரிமையாளர் அதைப் பூட்டி, க்ளோஸ் செய்து, எண்ணை -1 ஆக்கிவிட்டுத் திறக்கும். காவல் த்ரெட் அதே பூட்டுக்குள் எண்ணைப் பார்த்து, -1 இல்லை என்றால்தான் ஷட்டவுன் சொல்லும். ரிசீவ் இந்தப் பூட்டைத் தொடுவதே இல்லை, அதனால் யாரும் நீண்ட நேரம் காத்திருப்பதில்லை.

அனுப்புவதற்கென்று தனி த்ரெட் இருந்தால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நான் ஷேர்டு பாயின்டரில் (எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணும் சுட்டியில்) இணைப்பை வைத்து, கடைசிப் பிடி விடும்போது அதை அழிக்கும் டிஸ்ட்ரக்டரில் க்ளோஸ் நடக்கும்படி செய்தேன். ஷட்டவுனுக்குப் பின் யாராவது எழுதினால் சிக்பைப் என்ற சிக்னல் வந்து ப்ராசஸையே கொன்றுவிடும், அதனால் சென்டில் நோ-சிக்னல் கொடியை மறக்காதீர்கள்.

க்ளோஸே 'சிக்னல் குறுக்கிட்டது' என்று பிழை சொன்னால் லினக்ஸில் திரும்ப அழைக்கக் கூடாது. எண் ஏற்கெனவே விடுபட்டிருக்கும், இரண்டாம் அழைப்பு அடுத்தவருடையதை மூடும்.

ஷட்டவுன் தோற்கும் இடம், புதிய இணைப்பை ஏற்கும் அக்செப்ட். கேட்கும் சாக்கெட்டில் ஷட்டவுன் சொன்னால் லினக்ஸில் அக்செப்ட் பிழையோடு எழும், மேக்கில் 'இணைக்கப்படவில்லை' என்று ஷட்டவுனே மறுத்துவிடும். அந்த ஒரு த்ரெட்டுக்கு மட்டும் நான் ஈவென்ட்எஃப்டியையும் போல் அழைப்பையும் வைத்தேன். நாளை மேக்கிலும் ஓட வேண்டுமென்றால் ஈவென்ட்எஃப்டி இருந்த இடத்தில் பைப் வந்தால் போதும்.

ஜாவாவிலும் கோ (Go) மொழியிலும் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. அங்கே க்ளோஸ் அழைத்தாலே காத்திருக்கும் த்ரெட் பிழையோடு எழும் என்று ஆவணத்திலேயே உறுதி தந்திருக்கிறார்கள். பைத்தான் ஆவணமோ, இணைப்பு உடனே மூட வேண்டுமென்றால் க்ளோஸுக்கு முன் ஷட்டவுன் அழைக்கச் சொல்கிறது.

மாற்றியபின், த்ரெட்டுகளின் மோதலைப் பிடிக்கும் த்ரெட் சானிட்டைசர் கருவியோடு ஒரு இரவு முழுக்க ஓட்டினேன். பழைய நிரலில் இரண்டு நிமிடத்துக்குள் டிஸ்கிரிப்டர் ரேஸ் என்று கத்திய அதே சோதனை, காலை வரை வாயே திறக்கவில்லை. மறுநாள் லாரி ஆபீஸுக்கு நானே போன் செய்து, மாதவரம் வண்டி எங்கே காட்டுகிறது என்று கேட்டேன். "மாதவரத்துலதான் சார்" என்றார்.