நிறுத்தப்பட்ட நிகழ்ச்சியை மீட்கிறோம் என்று பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கை: கோவையில் 23 பேர் ஏமாந்த விவரம்

சென்ற வாரம் திருப்பூரில் இருக்கும் நண்பர் ஒருவர் தமக்கு வந்த வாட்ஸ்அப் செய்தியை எனக்கு அனுப்பி, இது உண்மையாக இருக்குமா என்று கேட்டார். இணையவழிச் சேவை ஒன்று பாதியில் நிறுத்திய நகைச்சுவைத் தொடரை ரசிகர்களே பணம் போட்டு மீட்கப் போகிறார்கள் என்றும், வெளிநாட்டுத் தளத்தில் நம் அட்டைகள் செல்லாது என்பதால் தாமே எல்லோருடைய பணத்தையும் சேர்த்துக் கட்டிவிடுவதாகவும் அதில் எழுதியிருந்தது. தொடரின் பெயர் வேறு, கைப்பேசி எண் வேறு. வாசகங்களோ 2021-ல் என்னிடமிருந்து 15,000 ரூபாயைக் கொண்டுபோன செய்தியில் இருந்த அதே வாசகங்கள். இதுவரை நண்பர்களிடம் மட்டும் சொல்லிவந்ததை இனியும் அப்படியே வைத்திருக்கக் கூடாது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

கோவையில் எங்கள் 23 பேரை இணைத்த நிகழ்ச்சி மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர் 3000 என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடர். விண்கலத்தில் அடைபட்ட ஒருவனைப் பித்துப்பிடித்த விஞ்ஞானிகள் படுமோசமான திரைப்படங்களாகப் பார்க்க வைக்கிறார்கள். அவனும் அவனே செய்த ரோபோக்களும் திரையின் அடியில் நிழலுருவங்களாக உட்கார்ந்து, ஓடும் படத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நிகழ்ச்சி அவ்வளவுதான். பொள்ளாச்சி டாக்கீஸில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து படம் பார்த்த எவருக்கும் அந்த இன்பத்தை விளக்கத் தேவையில்லை. 1988-ல் மினியாபொலிஸ் நகரத்தின் ஓர் உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஜோயல் ஹாட்ஜ்சன் இதைத் தொடங்கினார். பம்புசெட் வடிவமைப்பு வேலைக்காக அதே நகரத்தில் மூன்று ஆண்டுகள் இருந்த நான், பனி கொட்டும் இரவுகளில் அறைத்தோழரின் பழைய நாடாக்களில் இதைப் பார்த்துத்தான் ஊர் நினைப்பைத் தாங்கிக்கொண்டேன். தொடக்க ஆண்டுகளில் நிகழ்ச்சியின் இறுதிப் பெயர்ப் பட்டியலிலேயே, பதிவு செய்த நாடாக்களைக் கைமாற்றிக்கொண்டே இருங்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு நம்பிப் போகும் அந்தப் பழக்கத்தில்தான் இந்த ரசிகர் கூட்டம் வளர்ந்தது. எங்களை ஏமாற்றியவர் பயன்படுத்திக்கொண்டதும் அந்த நம்பிக்கையைத்தான்.

இந்த நிகழ்ச்சி பலமுறை நிறுத்தப்பட்டு மீண்டு வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால், படித்தவர்கள் எப்படி இதில் விழுந்தார்கள் என்பது புரியாது. 1996-ல், அதை ஒளிபரப்பிவந்த காமெடி சென்ட்ரல் சேனல் கைவிட்டபோது ரசிகர்கள் கடிதம் எழுதிப் போராடினார்கள். 1997-ல் சைஃபை சேனலில் மீண்டும் வந்தது. 1999-ல் அங்கும் நின்றது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 2015 இறுதியில், ஹாட்ஜ்சன் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ரசிகர்களிடமே நிதி கேட்டார்; 48,000-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து 57 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அதன் பயனாக 2017-ல் நெட்ஃபிளிக்ஸில் 14 பகுதிகள் வந்தன. 2018-ல் வந்தவை ஆறே பகுதிகள். எண்ணிக்கை அப்படிச் சுருங்கியபோதே எங்களில் சிலருக்கு மனம் உறுத்தியது. 2019 நவம்பர் கடைசி வாரத்தில், மேற்கொண்டு பகுதிகள் இல்லை என்ற செய்தி வந்துவிட்டது.

வணிக நிறுவனம் தன் கணக்கைப் பார்த்து முடிவெடுப்பதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மக்கள் தங்கள் கைப்பணத்தைக் கொடுத்து உயிர்ப்பித்த ஒன்று இரண்டே பருவங்களில் நின்றுபோனபோது ஏற்பட்ட வலி உண்மையானது. எத்தனையோ முறை மீட்டோம், இந்த முறையும் மீட்க முடியும் என்ற நம்பிக்கையும் அந்த வலியோடு சேர்ந்தே வந்தது. எங்களில் எவரும் அப்போது இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை.

அந்த டிசம்பரில் கோவை வெரைட்டி ஹால் சாலைப் பக்கத்தில் ஒரு பேக்கரியில் முதன்முதலாகப் பதினொரு பேர் கூடினோம். சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் தென்னாட்டின் தொடக்கக்காலத் திரையரங்குகளில் ஒன்றைக் கட்டிய இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சினிமாவைப் பற்றிப் பேசுகிறோம் என்று ஒருவர் பெருமையோடு நினைவுபடுத்தினார். எல்லோருக்கும் டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக் கொடுத்தவர்தான் பின்னாளில் எங்கள் பணத்தை எடுத்துக்கொண்டவர். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. அது காவல் துறையிடம் கொடுத்த புகாரில் இருக்கிறது. நாற்பது வயதுக்குள் இருப்பார், பணிவாகப் பேசுவார், நிகழ்ச்சியின் பழைய பகுதிகளை எண்ணோடு நினைவில் வைத்திருந்தார். குழுவைத் தொடங்கியவரும் அவர்தான். ஓராண்டுக்கு மேல் அவர் எவரிடமும் ஒரு பைசா கேட்கவில்லை. ஊரடங்குக் காலத்தில் எங்களில் ஒருவருடைய தாயாருக்கு மருத்துவமனையில் இடம் கிடைக்க அவர் அலைந்ததும் உண்மை. மோசடிக்காரர் முதல் நாளே பணம் கேட்பார் என்று நினைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

2021 ஏப்ரலில், சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்த அதே வாரத்தில், ஹாட்ஜ்சன் மறுபடியும் கிக்ஸ்டார்ட்டரில் நிதி திரட்டத் தொடங்கினார். எந்த நிறுவனத்தின் தயவும் வேண்டாம், நிகழ்ச்சிக்கென்று சொந்தமாக ஓர் இணைய அரங்கு அமைத்துக்கொள்ளலாம் என்பது இந்த முறை திட்டம். அது முற்றிலும் உண்மையான முயற்சி. 60 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்து, 2022-ல் பதின்மூன்றாவது பருவமாக வெளிவந்தது. திட்டம் உண்மையாக இருந்ததால்தான் எங்கள் குழுவைத் தொடங்கியவருடைய பொய்யை எங்களால் பிரித்தறிய முடியவில்லை. செய்தித்தாளில் பார்த்தாலும் சரி, தளத்திலேயே போய்ப் பார்த்தாலும் சரி, அவர் சொன்னதில் முக்கால் பங்கு சரியாகவே இருந்தது.

மீதிக் கால் பங்கு அட்டைகளைப் பற்றியது. 2020 மார்ச் 16 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிதாகக் கொடுக்கப்படும் அட்டைகள் உள்நாட்டு ஏடிஎம்களிலும் கடை இயந்திரங்களிலும் மட்டுமே செல்லும். வெளிநாட்டுப் பரிவர்த்தனை வேண்டுமென்றால் நாமே அதைத் திறந்துகொள்ள வேண்டும். இதனால் எங்களில் மூன்று பேர் தளத்தில் முயன்றபோது அட்டை நிராகரிக்கப்பட்டது. அவர் உடனே எல்லோருக்கும் தனித்தனியாகத் தொலைபேசியில் பேசினார். "அண்ணா, நம்ம கார்டெல்லாம் அங்க எடுக்காதுங்க. எங்க மச்சான் சிங்கப்பூர்ல இருக்கறாருங்க, அவரு கார்டுல மொத்தமாக் கட்டிடலாமுங்க. நீங்க எனக்கு யு.பி.ஐ. பண்ணிடுங்க, போதும். இன்னைக்கு ராத்திரிக்குள்ள போட்டாத்தான் நம்ம குழுப் பேரு கடைசிப் பட்டியல்ல வரும்" என்று என்னிடம் சொன்னார். வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை என்ற ஒரு பொத்தானை நகர்த்தினால் என் அட்டையிலேயே கட்டியிருக்க முடியும் என்பது எனக்கு அப்போது தெரியாது. தலைக்கு 100 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 7,500 ரூபாய். எனக்கும் என் மகளுக்குமாக 15,000 ரூபாய் அனுப்பினேன்.

மூன்றாம் நாள், மொத்தத் தொகையும் கட்டப்பட்டுவிட்டது, பணம் எடுத்துக்கொள்ளப்பட்டது என்று ஒரு திரைப்பிடிப்பைக் குழுவில் போட்டார். அந்த ஒரு படமே அவரைக் காட்டிக் கொடுத்திருக்க வேண்டும். கிக்ஸ்டார்ட்டரில் நாம் ஒரு தொகையை ஒப்புக்கொள்ளும்போது பணம் எடுக்கப்படுவதில்லை. நிதி திரட்டும் காலம் முழுவதும் முடிந்து, இலக்கு எட்டப்பட்டிருந்தால் மட்டுமே அட்டையிலிருந்து எடுப்பார்கள். ஒரு மாதம் நடக்க வேண்டிய முயற்சியின் மூன்றாம் நாளில் பணம் எடுக்கப்பட்டதாக ஒரு ரசீது இருக்கவே முடியாது. அதோடு, ஒருவர் தம் கணக்கிலிருந்து ஒரு திட்டத்துக்கு ஒரு முறைதான் ஆதரவு கொடுக்க முடியும். 23 பேரை ஒரே அட்டையில் தனித்தனி ஆதரவாளர்களாகச் சேர்ப்பது என்ற பேச்சே அங்கே இல்லை. இந்த இரண்டு விதிகளும் தளத்திலேயே எவரும் படிக்கும்படி எழுதப்பட்டிருக்கின்றன. எங்களில் பொறியாளர்கள் ஆறு பேர், பட்டயக் கணக்காளர் ஒருவர். எவரும் படிக்கவில்லை.

மே மாதம் முழு ஊரடங்கு வந்தது. நேரில் சந்திப்பது நின்றது. யாராவது கேட்டால், பரிசுப் பொருட்கள் சுங்கத்தில் இருக்கின்றன, கப்பல் தாமதம் என்று பதில் வரும். அந்தக் காலத்தில் எல்லாமே தாமதமாகத்தான் இருந்தது என்பதால் நம்பினோம்.

உண்மை தெரிந்தது 2022 வசந்த காலத்தில். டல்லாஸில் இருக்கும் என் சித்தப்பா மகனும் இந்த நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்திருந்தான். புதிய இணைய அரங்குக்கு நுழைவுக் குறியீடு வந்துவிட்டது என்று மகிழ்ச்சியோடு அழைத்தவன், "அண்ணா, உங்களுக்கு மெயில் வந்துருச்சுங்களா? உங்க பேக்கர் நம்பர் என்னங்க?" என்று கேட்டான். எனக்கு அப்படி ஓர் ஆதரவாளர் எண் இருக்க வேண்டும் என்பதே அன்றுதான் தெரிந்தது. உண்மையாக ஆதரவு கொடுத்த ஒவ்வொருவருக்கும் அவரவர் மின்னஞ்சலுக்கு உறுதிச்செய்தி வரும், ஓர் எண் இருக்கும், முகவரி கேட்டு ஒரு படிவம் வரும். எங்கள் 23 பேரில் ஒருவருக்கும் அவற்றில் ஒன்றுகூட வந்திருக்கவில்லை. அன்று மாலை நான் குழுவில் கேள்வி கேட்டேன். இரவுக்குள் அவர் குழுவை விட்டு வெளியேறினார். மறுநாள் எண் அணைக்கப்பட்டிருந்தது. கவுண்டம்பாளையத்தில் அவர் சொல்லியிருந்த முகவரிக்குப் போனோம். வீடு ஐந்து மாதமாகக் காலி என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்.

எங்களில் அதிகம் இழந்தவர் திருப்பூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற நூற்பாலை மேற்பார்வையாளர் ஒருவர். வயது அறுபத்து நான்கு. அவருக்கு இந்த நிகழ்ச்சி தெரியாது. வெளியூரில் படிக்கும் பேரன் ஆசைப்பட்டான் என்பதற்காக மூன்று பங்குக்கு 22,500 ரூபாய் போட்டார். புகார் கொடுக்க அழைத்தபோது, "விடுங்க தம்பி, பேரனுக்குத் தெரிஞ்சா அவன் மனசு ஒடஞ்சு போயிரும்" என்றார். இந்தக் கூச்சத்தால் எங்களில் எட்டுப் பேர் இன்றுவரை புகார் கொடுக்கவில்லை. பெரிய தொகை இல்லையே, பொழுதுபோக்குக்குப் போட்ட பணம்தானே, காவல் நிலையத்தில் என்ன நினைப்பார்கள் என்ற தயக்கம் அவர்களுக்கு. நான் போனபோது என்னைப் பார்த்து எவரும் சிரிக்கவில்லை. தேசிய இணையக் குற்றத் தளத்தில் பதிந்த புகார் எண்ணையும், வங்கிக் கணக்கு அறிக்கையில் இருக்கும் பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண்ணையும் வாங்கிக்கொண்டு, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். ஆனால் ஓராண்டு கழிந்திருந்தது. பணம் போன சில மணி நேரத்துக்குள் 1930 என்ற எண்ணுக்கு அழைத்தால், அது போய்ச் சேர்ந்த கணக்கிலேயே நிறுத்திவைக்க வாய்ப்புண்டு என்றும், எங்கள் பணம் அந்தக் கணக்கிலிருந்து எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டது என்றும் சொன்னார்கள்.

ஆகவே, இப்போது திருப்பூரிலும் பெருந்துறையிலும் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து பணம் அனுப்பாதீர்கள். உங்களுக்குப் பிடித்த நிகழ்ச்சிக்கு உண்மையாகவே நிதி திரட்டுகிறார்கள் என்றால் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் அட்டையில் நீங்களே கொடுங்கள். அட்டை செல்லவில்லை என்றால் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள் இந்தப் பதிவைப் படித்து முடிப்பதற்கு முன்பே 1930-க்கு அழையுங்கள்.

எங்கள் குழுவில் இதுவரை புகார் கொடுக்காத எட்டுப் பேருக்கும் ஒரு வேண்டுகோள். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு நாம் முதலில் கூடிய அதே பேக்கரியில் இருப்பேன். 2021 ஏப்ரல் மாத வங்கி அறிக்கையின் நகலை மட்டும் எடுத்து வாருங்கள். மனுவை நான் எழுதி வைத்திருக்கிறேன். திருப்பூர் ஐயாவை அழைத்துவர நானே வண்டி எடுத்துக்கொண்டு போகிறேன்.