ரோடியோவா, ஃபேன்சி ஃப்ரீயா?

இரண்டுமே போர்க்கால அமெரிக்காவின் கலகலப்பான பாலேக்கள். 1942-இல் வந்த ரோடியோவில், யாரும் கண்டுகொள்ளாத பண்ணைப் பெண்ணாக ஆடியவர் அதை அமைத்த ஆக்னஸ் டி மில்லேதான். ஃபிரடெரிக் ஃபிராங்க்ளின் ஜோடி, கோப்லேண்ட் இசை. அருமைதான்.

ஆனால் என் மனசு 1944-இன் ஃபேன்சி ஃப்ரீ பக்கம். லீவில் நியூயார்க்கில் இறங்கும் மூன்று கடற்படை வீரர்கள், ஒரு பார், முதலில் இரண்டே பெண்கள். போட்டி வராமல் இருக்குமா? ஆளுக்கொரு தனி ஆட்டம்: ஹெரால்ட் லேங் அந்தரத்தில் இரண்டு சுற்று சுழன்று, காலை அகல விரித்துத் தரையில் இறங்குவார், ஜான் கிரைசாவுடையது இளகிய ஆட்டம், நடனத்தை அமைத்த ஜெரோம் ராபின்ஸ் லத்தீன் தாளத்துக்கு இடுப்பை அசைப்பார். பெண்களாக மியூரியல் பென்ட்லி, ஜேனட் ரீட். அப்புறம் பெர்ன்ஸ்டைன் இசையின் ஜாஸ் துள்ளல்! ரோடியோவின் பண்ணை எங்கோ தொலைவில். இந்த மாலுமிகளோ அன்று அரங்குக்கு வெளியே தெருவிலேயே நடந்துகொண்டிருந்தார்கள்.