பாஸ்-டேக் அக்ரிலமைடு: பாஸ்போ ஆன்டிபாடி கிடைக்காத ஆய்வகத்துக்குக் கைகொடுக்குமா?

புரதத்தில் பாஸ்பேட் ஏறியிருக்கிறதா என்று பார்க்க, அந்த இடத்துக்கென்றே உள்ள பாஸ்போ ஆன்டிபாடியை (பாஸ்பேட் ஏறிய புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி) வாங்கி வெஸ்டர்ன் பிளாட் (ஜெல்லில் பிரித்த புரதத்தை மெம்பரேனுக்கு மாற்றி ஆன்டிபாடியால் தேடுவது) போடுவதுதான் வழக்கம். மனிதச் செல், எலிச் செல் என்றால் கவலையில்லை. ஏகேடி புரதத்தின் 473ஆம் செரின், இஆர்கே என்று பிரபலமான புரதங்களுக்கு எல்லாம் கடையில் உண்டு. சிக்கல் நெல்லை வைத்து வேலை செய்கிற டெல்டா ஆய்வகங்களுக்குத்தான். வேதாரண்யம் பக்கத்து உப்பு நிலத்தை மனதில் வைத்து, உப்பு பட்டதும் எஸ்என்ஆர்கே2 கைனேஸில் (கைனேஸ் என்பது மற்றப் புரதங்களில் பாஸ்பேட் ஏற்றும் நொதி) பாஸ்பேட் ஏறுகிறதா என்று பார்க்கப் போனால், தோதான ஆன்டிபாடி லேசில் அகப்படாது. (டி-இ-ஒய் என்ற அமினோ அமில வரிசை உள்ள எம்ஏபி வகைக் கைனேஸ்கள் மட்டும் விதிவிலக்கு. இஆர்கேவுக்கு விற்கும் பாஸ்போ ஆன்டிபாடியே அவற்றையும் பிடித்துவிடும்.)

அந்த இடத்தில்தான் பாஸ்-டேக் வருகிறது. ஜெல் ஊற்றும்போதே கலக்கும் வேதிப்பொருள் இது. ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தில் உருவான சரக்கு, ஃபுஜிஃபிலிம் வாகோ விற்கிறது. மாங்கனீஸ் அல்லது துத்தநாக அயனியோடு சேர்ந்து ஜெல்லுக்குள் நிற்கும் இது, பாஸ்பேட் உள்ள புரதத்தைப் பிடித்து இழுத்துத் தாமதப்படுத்தும். பாஸ்பேட் இல்லாதது கீழே ஓடிவிட, உள்ளது மேலே தங்கும். சாதாரண ஆன்டிபாடி ஒன்று இருந்தால் போதும், இரண்டையும் ஒரே லேனில் (சாம்பிள் ஓடும் தடத்தில்) பார்க்கலாம். எங்களைக் கேட்டால் இதன் உண்மையான மதிப்பு இதுதான்: பாஸ்போ ஆன்டிபாடி கூடியதா குறைந்ததா என்று சொல்லும், மொத்தத்தில் எத்தனை பங்கு மாறியிருக்கிறது என்பதை இது காட்டும். மயோசின் லேசான சங்கிலியில் பாஸ்பேட் இல்லாதது, ஒன்று உள்ளது, இரண்டு உள்ளது என மூன்று பேண்டாக (பட்டையாக) பிரிவது நல்ல உதாரணம். ஆனால் எந்த அமினோ அமிலத்தில் ஏறியது என்று இது சொல்லாது. அதற்கு மாஸ் ஸ்பெக் (மூலக்கூறு நிறையை அளக்கும் கருவி) வேண்டும், அல்லது அந்த இடத்தை அலனினாக மாற்றிய புரதம் வேண்டும்.

10 மில்லிகிராம் பாட்டிலை முதலில் 0.1 மி.லி. மெத்தனாலில் கரைத்து, பிறகு 3.2 மி.லி. தண்ணீர் சேர்த்தால் 5 மில்லிமோலார் கரைசல். 10 மி.லி. ஓட்ட ஜெல்லுக்கு இதில் 100 மைக்ரோலிட்டரும், 10 மில்லிமோலார் மாங்கனீஸ் குளோரைடு 100 மைக்ரோலிட்டரும் போட்டால் 50 மைக்ரோமோலார் பாஸ்-டேக், அதற்கு இரட்டிப்பு மாங்கனீஸ். பிரிவு போதாவிட்டால் 100 மைக்ரோமோலார் வரை ஏற்றலாம். 50லேயே நின்றால் ஒரு பாட்டிலில் முப்பது ஜெல்லுக்கு மேல் வரும். விலையைப் பார்த்துத் திகைக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

கெடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: உலோக அயனியைக் கவ்வும் இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள். அது ஜெல்லில் உள்ள உலோகத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். பிறகு நீங்கள் ஓட்டுவது சாதாரண ஜெல். செல்லை உடைக்கும் ஆர்.ஐ.பி.ஏ. பஃபரில் இருக்கும், புரோட்டியேஸ் தடுப்பு மாத்திரையில் இருக்கும் (இ.டி.டி.ஏ. இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள்), வண்ண மார்க்கரிலும் பெரும்பாலும் இருக்கும். டி.என்.ஏ. ஆட்கள் இ.டி.டி.ஏ. கலந்த டி.ஏ.இ. பஃபர் ஊற்றிய டப்பாவைக் கழுவாமல் எடுத்துப் பஃபர் கலக்குவது தனிக் கதை. வனடேட்டும் (பாஸ்படேஸைத் தடுக்கச் சேர்ப்பது) உப்பும் அதிகமானால் பேண்ட் அலை அலையாக வளையும். இலைச் சாறு என்றால் டி.சி.ஏ. அமிலம் போட்டுப் புரதத்தை வீழ்த்தி, அசிட்டோனில் கழுவி எடுப்பது உத்தமம். காலிக் கிணறுகளிலும் சாம்பிள் பஃபரை ஊற்றுங்கள், ஓரத்து லேன் கோணாது.

மார்க்கரை வைத்து எடை கணக்கிட முடியாது, அதை மறந்துவிடுங்கள். மேலே உள்ள பேண்ட் பாஸ்பேட்டால்தான் என்று காட்ட, லாம்ப்டா பாஸ்படேஸ் (பாஸ்பேட்டைக் கழற்றும் நொதி) சேர்த்த சாம்பிளைப் பக்கத்து லேனில் ஓட்டுங்கள். அந்த லேன் இல்லாமல் முடிவு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது. பாஸ்-டேக் இல்லாத ஜெல் ஒன்றும் கூடவே வேண்டும்.

கத்திரி வெயிலில் மின்சாரம் போய் ஏ.சி. நின்றால் ஜெல் சூடேறி நடு லேன்கள் முந்தி, பேண்ட் சிரிக்கும். கரண்டைக் குறைத்து, டாங்கை ஐஸில் வைத்து மெதுவாக ஓட்டுங்கள். சாதாரண ஜெல்லைவிட நேரம் பிடிக்கத்தான் செய்யும்.

முடிந்ததும் நேரே ட்ரான்ஸ்பருக்கு (ஜெல்லிலிருந்து மெம்பரேனுக்குப் புரதத்தை மாற்றும் கட்டத்துக்கு) போகக் கூடாது. இவ்வளவு நேரம் எதிரியாக இருந்த இ.டி.டி.ஏ. இப்போது தேவை: ட்ரான்ஸ்பர் பஃபரில் 10 மில்லிமோலார் கலந்து, பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை ஆட்டி, கடைசியில் இ.டி.டி.ஏ. இல்லாத பஃபரில் ஒருமுறை. இதை விட்டால் புரதம் ஜெல்லிலேயே ஒட்டிக்கொள்ளும், மெம்பரேன் வெறுமையாக வரும். ஈரத் தாள்களை மட்டும் வைத்து மாற்றும் செமி-டிரை வேண்டாம், பஃபரில் மூழ்கவைக்கும் டாங்க் முறையே நல்லது.

துத்தநாகம் சேர்த்து ஊற்றியே வரும் சூப்பர்செப் ஜெல்லும் உண்டு. கை பழகாதவர்களுக்கு வசதி, ஆனால் காலாவதித் தேதி துரத்தும். வாரத்துக்கு ஒரு ஜெல் ஓட்டும் இடத்தில் பாட்டில் வாங்கிக் கலப்பதே கட்டுப்படியாகும்.

நல்ல பாஸ்போ ஆன்டிபாடி கையில் இருந்து, ஒரே ஒரு இடத்தைத்தான் பார்க்கிறீர்கள் என்றால் இதை வாங்காதீர்கள். வாங்குவதானால் குளிரில் வர வேண்டிய சரக்கு என்பதை மறக்காமல், பொங்கல் விடுமுறைக்கு முந்தைய வாரத்தில் மட்டும் ஆர்டர் போடாதீர்கள். வந்ததும் கரைசலைச் சிறு குப்பிகளில் பிரித்து, வெளிச்சம் படாமல் ஃபாயில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள்.