ஹைக்கூ ஓஎஸ் பீட்டா 5: பழைய லேப்டாப்பில் போட்டுப் பார்க்க வேண்டிய ஒன்று

விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாம் பார்த்தாச்சு, வேறு என்ன இயங்குதளம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் ஹைக்கூ என்றுதான் சொல்வேன். ரியாக்ட்ஓஎஸ், பிளான் 9, மெனுயெட் என்று கையில் கிடைத்ததையெல்லாம் பென் டிரைவில் ஏற்றிப் பூட் செய்து பார்க்கிற ஆள் நான். பெரும்பாலானவை சில நாட்களில் அலுத்துவிடும். ஹைக்கூ மட்டும் ஒரு பழைய லேப்டாப்பில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. 2024 செப்டம்பரில் வந்த பீட்டா 5-ஐ வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம், இது லினக்ஸ் இல்லை. ஆப்பிளிலிருந்து வெளியேறிய ழான்-லூயி கசே 1990-இல் பீ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார், அவர்கள் உருவாக்கியதுதான் பீஓஎஸ். 1996-இல் ஆப்பிள் அதை வாங்கப் பேச்சுவார்த்தை நடத்திவிட்டு, கடைசியில் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட்டை வாங்கியது. 2001-இல் பீ நிறுவனத்தின் சொத்துகள், கையடக்கக் கருவிகள் செய்துகொண்டிருந்த பாம் (Palm) நிறுவனத்துக்குப் போயின. அதே ஆண்டு, பீஓஎஸ் அழிந்துவிடக் கூடாது என்று நினைத்த ரசிகர்கள் முதலிலிருந்து எழுத ஆரம்பித்ததுதான் இன்றைய ஹைக்கூ. இதன் 32-பிட் பதிப்பில் அந்தக் கால பீஓஎஸ் நிரல்கள் பல இன்னும் அப்படியே ஓடுகின்றன.

சரி, இதில் என்ன விசேஷம்? வேகம் என்று பலர் சொல்வார்கள், உண்மைதான், 384 எம்பி ராம் இருந்தாலே பூட் ஆகிவிடும், பழைய மெஷினிலும் விண்டோக்கள் சொன்ன நொடியில் திறக்கின்றன. ஆனால் என்னைக் கட்டிப்போட்டது இதன் கோப்பு முறைமை, அதாவது வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை, பெயர் பிஎஃப்எஸ். இங்கே ஒரு கோப்போடு எத்தனை பண்புகளை வேண்டுமானாலும் ஒட்டி வைக்கலாம், அவற்றை வைத்துத் தேடலாம், கோப்பு முறைமையே ஒரு தரவுத்தளம் மாதிரி வேலை செய்கிறது. ஒவ்வொரு மின்னஞ்சலும் ஒரு தனிக் கோப்பு. மெயில் கோப்புறையைத் திறந்தால் அனுப்பியவர், பொருள், தேதி எல்லாம் சாதாரணக் கோப்புப் பட்டியலின் பத்திகளாகவே நிற்கும், தனியாக மெயில் நிரல் எதையும் திறக்க வேண்டியதில்லை. ஆல்ட்+எஃப் அழுத்தி, படிக்காத அஞ்சல்களை மட்டும் காட்டு என்று ஒரு தேடலைப் போட்டு அந்த விண்டோவை அப்படியே திறந்து வைத்திருங்கள். புது அஞ்சல் வந்தால் தானாக அதில் வந்து உட்காரும், படித்து முடித்தால் தானாக மறைந்துவிடும்.

நான் என் பிடிஎஃப் புத்தகங்களுக்கு ஆசிரியர், ஆண்டு, படித்தாச்சா இல்லையா என்று பண்புகள் சேர்த்து வைத்திருக்கிறேன். பட்டியலில் அந்தக் கட்டத்தைக் கிளிக் செய்து அங்கேயே டைப் செய்தால் போதும். நீங்களும் செய்வதாக இருந்தால், மதிப்புகளைக் கொடுப்பதற்கு முன்பே டெர்மினலில் எம்கேஇண்டெக்ஸ் (mkindex) கட்டளையால் அந்தப் பண்புகளுக்கு இண்டெக்ஸ், அதாவது தேடலுக்கான அட்டவணை, உருவாக்கிவிடுங்கள், பிறகு உருவாக்கினால் ஏற்கெனவே இருக்கும் கோப்புகள் தேடலில் சிக்காது. அப்புறம், கோப்பை ஃபேட் (FAT) என்ற கோப்பு முறைமை உள்ள சாதாரண பென் டிரைவில் நகல் எடுத்தால் பண்புகள் போய்விடும், ஜிப் செய்து எடுத்துப் போவதே நல்லது. பிஎஃப்எஸ்ஸை வடிவமைத்த டொமினிக் ஜாம்பவோலோ பிற்பாடு ஆப்பிளில் ஸ்பாட்லைட் தேடலில் வேலை செய்தவர் என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

இன்னொன்று, விண்டோக்களை ஒட்டுவது. விண்டோஸ் விசையைப் பிடித்துக்கொண்டு ஒரு விண்டோவின் மஞ்சள் தலைப்பை இன்னொன்றின் தலைப்பில் கொண்டுபோய் விட்டால் இரண்டும் உலாவித் தாவல்கள் போல ஒன்றாகிவிடும். ஓரத்தில் விட்டால் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஒன்றாக நகரும். எந்த நிரலோடும் எந்த நிரலையும் இப்படிச் சேர்க்கலாம். கெர்னல் என்கிற மையப் பகுதி, டெஸ்க்டாப், அடிப்படை நிரல்கள் எல்லாவற்றையும் ஒரே திட்டமாக எழுதுவதால்தான் இந்தப் பொருத்தம் என்று நினைக்கிறேன். காப்பி செய்ய ஆல்ட்+சி என்பது முதலில் கை தடுமாற வைக்கும், கீமேப் அமைப்பில் ஒரே பொத்தானில் கன்ட்ரோலுக்கு மாற்றிக்கொள்ளலாம். நான் மாற்றவில்லை, டெர்மினலிலும் அதே ஆல்ட்+சி வேலை செய்வது அவ்வளவு சுகம்.

அப்டேட் செய்து ஏதாவது கெட்டுப்போனாலும் பயமில்லை. பூட் மெனுவுக்குப் போய் முந்தைய நிலையைத் தேர்ந்தெடுத்தால் பழையபடி எழுந்துவிடும்.

இனி குறைகள். நமக்கு முதல் குறை தமிழ்தான். ஹைக்கூவின் சொந்த நிரல்களில் எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் வேலை நடப்பதில்லை, அதனால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். ‘பெயர்’ என்ற எளிய சொல்லைக்கூடக் கோப்புப் பட்டியலில் ஒழுங்காகப் பார்க்க முடியாது, இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிற விஷயம். ஃபால்கன் உலாவி, லிப்ரே ஆஃபீஸ் போன்று வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட நிரல்கள் தாங்களே எழுத்தமைப்பைப் பார்த்துக்கொள்வதால் அவற்றில் தமிழ் சரியாக வருகிறது. அடுத்தது, லேப்டாப்பை மூடினால் உறங்காது, ஓடிக்கொண்டேதான் இருக்கும். கிராஃபிக்ஸ் கார்டின் முப்பரிமாண வேகமும் கிடையாது, கேம் ஆடுபவர்கள் மறந்துவிடலாம். சொந்த உலாவியான வெப்பாசிட்டிவ் கனமான தளங்களில் திணறும். ஒரே பயனர் மட்டும்தான், அவருக்கு எல்லா அதிகாரமும் உண்டு, ஆகவே வங்கி வேலையை இதில் செய்யாதீர்கள்.

தினசரி வேலைக்கான ஒரே கம்ப்யூட்டரில் இதைப் போடச் சொல்ல மாட்டேன். ஓரமாகக் கிடக்கும் லேப்டாப் இருந்தால் கட்டாயம் போடுங்கள். 64-பிட் படிமத்தைப் பென் டிரைவில் எழுதி, நிறுவாமலேயே பூட் செய்து வைஃபை எடுக்கிறதா, சத்தம் வருகிறதா என்று முதலில் பாருங்கள். பிடித்திருந்தால் ஹைக்கூ இன்க் என்ற லாபநோக்கற்ற அமைப்புக்கு முடிந்ததை அனுப்புங்கள், 2021 முதல் அந்த நன்கொடைகளிலிருந்துதான் ஒரு நிரலாளருக்குச் சம்பளம் கொடுத்து வேலை நடக்கிறது.