பதினைந்து அங்குலமே போதும்: ஓட்டோகுரொஸுக்காக மாற்றிய ரிம்மும் டயரும், ஓராண்டுப் பாவனையின் பின்

கடந்த ஓராண்டாக என்னுடைய ஈகே வகை ஹொண்டா சிவிக் காரில் 15 அங்குல விட்டமும் 7 அங்குல அகலமும் கொண்ட அலோய் ரிம்களையும் 195/50/15 அளவுள்ள டயர்களையும் பாவித்து வருகிறேன். (முதல் எண் டயரின் அகலம் மில்லிமீற்றரில், இரண்டாவது அந்த அகலத்தில் எத்தனை வீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது, மூன்றாவது ரிம்மின் விட்டம் அங்குலத்தில்.) அதற்கு முந்திய ஆண்டு முழுவதும் அதே காரில் 17 அங்குல ரிம்களும் 205/40/17 டயர்களும் இருந்தன. இரண்டையும் ஒரே களத்தில் ஓட்டிப் பார்த்திருப்பதாலும், மட்டக்களப்பிலும் கல்முனையிலும் உள்ள இளைஞர்கள் பலர் நான் முதலில் செய்த தவறையே செய்யத் தயாராக இருப்பதைக் காண்பதாலும் இதை எழுதுகிறேன். இது அளவுகளைப் பற்றிய மதிப்பீடு. எந்த நிறுவனத்தின் டயர் என்பது அதற்குப் பின்னால் வரவேண்டிய கேள்வி.

ஓட்டோகுரொஸில் கார்கள் ஒன்றையொன்று முந்துவதில்லை. திறந்த தளமொன்றில் கூம்புகளை வைத்து வளைந்து நெளிந்த பாதை அமைத்து, ஒவ்வொரு காராக விட்டு நேரத்தைக் குறிப்பார்கள். அமெரிக்காவின் எஸ்.சி.சி.ஏ. அமைப்பு நடத்தும் போட்டிகளில் ஒரு கூம்பைத் தட்டினால் 2 செக்கன் கூட்டப்படும். நாங்களும் அதையே பின்பற்றுகிறோம். எங்களுக்குக் கிடைத்திருக்கும் இடம் சம்மாந்துறைப் பக்கம் இயங்காமல் கிடக்கும் அரிசி ஆலை ஒன்றின் நெல் காயவைக்கும் சீமெந்துக் களம். உரிமையாளரின் அனுமதியோடு, கூட்டிப் பெருக்கித் தூசி அகற்றிய பின்னரே ஓடுகிறோம். அங்கே முதலாம் கியரில் புறப்பட்டு இரண்டாம் கியருக்கு வந்தால் முடிவுவரை அதிலேயே இருக்க வேண்டியதுதான். மணிக்கு 60 கிலோமீற்றரைத் தாண்டும் இடம் ஒன்றே ஒன்று. இந்த வேகத்தில், இந்த நெருக்கமான திருப்பங்களில் கார் என்ன கேட்கிறது என்பதைத்தான் ரிம் வாங்குமுன் யோசித்திருக்க வேண்டும்.

நான் யோசிக்கவில்லை. காரோடு வந்த 185/65/14 டயரின் மொத்த விட்டம் கணக்குப்படி 596 மில்லிமீற்றர். 205/40/17 டயரினதும் ஏறத்தாழ அதேதான். ஆகவே எதுவும் மாறாது, பிடி மட்டும் கூடும் என்று நம்பினேன். ஆனால் மொத்த விட்டம் மாறாமல் ரிம் பெரிதாகும்போது இறப்பரின் இடத்தை உலோகம் பிடித்துக்கொள்கிறது, அந்த உலோகமும் சுழலும் மையத்திலிருந்து தள்ளிப் போய் அமர்கிறது. அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தபோது 17 அங்குலச் சக்கரம் ஒன்று டயரோடு 19 கிலோவுக்குச் சற்றுக் கூடவும், இப்போதுள்ள 15 அங்குலச் சக்கரம் 15 கிலோவுக்குச் சற்றுக் குறையவும் இருந்தன. நான்கு சக்கரங்களிலும் சேர்த்து 16 கிலோவுக்கு மேல் வித்தியாசம். அதுவும் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும், ஒவ்வொரு முறையும் சுழற்றி வேகமெடுக்கவும் பிறேக் பிடித்து நிறுத்தவும் வேண்டிய பாரம். 1600 சீசீ எஞ்சினுக்கு அது சின்ன விடயமல்ல.

195/50/15 டயரின் விட்டம் 576 மில்லிமீற்றர். பழையதைவிட 20 குறைவு என்பதால் கார் 10 மில்லிமீற்றர் தாழ்கிறது, ஒவ்வொரு கியரும் ஏறத்தாழ மூன்றரை வீதம் குறுகியதுபோல் நடந்துகொள்கிறது. கூம்பைச் சுற்றிவந்து மீண்டும் அக்சிலேட்டரை அழுத்தும் கணத்தில் இதைக் காலிலேயே உணரலாம். விலையாகக் கொடுப்பது, வேகமானி உண்மையைவிடச் சற்றுக் கூடக் காட்டுவதும் நெடுந்தூரத்தில் எஞ்சின் கொஞ்சம் அதிகமாகச் சுற்றுவதும்தான். விட்டத்தை மாற்றாமல் 15 அங்குலத்துக்கு வர விரும்புகிறவர்கள் 195/55/15 எடுக்கலாம். தினமும் வேலைக்குப் போகும் காருக்கு அதுவே பொருத்தம் என்பேன்.

எல்லோரும் டயரின் அகலத்தைக் கேட்கிறார்கள், ரிம்மின் அகலத்தைக் கேட்பவர் அரிது. 195/50/15 டயருக்கு ஏற்ற ரிம் அகலம் ஐந்தரை அங்குலம் முதல் ஏழு அங்குலம் வரை. ஐந்தரை அங்குல ரிம்மில் ஏற்றினால் பக்கச்சுவர்கள் உள்ளே சரிந்து, திருப்பத்தில் டயர் தன் தோளின்மேல், அதாவது தரையில் படும் பகுதி பக்கச்சுவரோடு சேரும் விளிம்பின்மேல், உருளத் தொடங்கும். ஏழு அங்குலத்தில் பக்கச்சுவர் நிமிர்ந்து நிற்பதால் ஸ்டியரிங்கைத் திருப்பியவுடன் கார் திரும்புகிறது. நண்பர் ஒருவர் குறுகிய ரிம்மில் 205/50/15 போட்டு ஓடினார். அதே காரில் என் சக்கரங்களைப் பூட்டி ஓடியபோது, அகலம் குறைந்த டயரில்தான் அவருக்கு நல்ல நேரம் கிடைத்தது. ஒரே நாளில் கண்ட அனுபவம்தான், ஆனாலும் எனக்கு அது ஆச்சரியமாக இருக்கவில்லை.

அடுத்தது ஓஃப்செட், அதாவது ரிம் காரோடு பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீற்றர் வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்ற அளவு. காரோடு வந்த 14 அங்குல ரிம்மின் உட்புறத்தில் ஐந்தரை அங்குல அகலமும் 45 என்ற ஓஃப்செட்டும் பொறிக்கப்பட்டிருந்தன. புதியது ஏழு அங்குலம், ஓஃப்செட் 38. கணக்குப் பார்த்தால் ரிம்மின் உள்விளிம்பு ஷொக் அப்சோபரின் பக்கம் 12 மில்லிமீற்றரும், வெளிவிளிம்பு மட்காட்டின் பக்கம் 26 மில்லிமீற்றரும் நகர்கின்றன. இந்த இரண்டு எண்களையும் கையில் வைத்துக்கொண்டு காரின் அருகில் அடிமட்டத்தோடு குந்தினால், பணம் கொடுப்பதற்கு முன்பே உரசுமா உரசாதா என்று தெரிந்துவிடும். என் காரில் முன்பக்கம் தாராளமாக இருந்தது. பின் மட்காட்டின் உள்மடிப்பை மட்டும் சற்றுத் தட்டி மடிக்க வேண்டியிருந்தது.

இந்த வேலையை எனக்குச் செய்துதந்தவர் கல்முனைப் பக்கம் சிறிய டயர் கடை வைத்திருக்கும் காக்கா (அண்ணன்) ஒருவர். ரிம்மைக் காட்டுமுன் என் காரின் நட் ஒன்றைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து, “தம்பி, இது உருண்டை வாய் நட். நீங்க வாங்கப்போற ரிம்முக்குக் கூம்பு வாய்தான் வேணும்” என்றார். ஹொண்டாவின் சொந்த ரிம்களில் நட் அமரும் குழி உருண்டையானது. வெளிச் சந்தை ரிம்களில் பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு. 17 அங்குல ரிம்களை எனக்கு விற்ற வேறொரு கடையில் பழைய நட்டுகளையே போட்டு அனுப்பியிருந்தார்கள். அவை குழியில் சரியாகப் பதியாமல் அடிக்கடி தளர்ந்ததன் காரணம் ஓராண்டு கழித்துத்தான் விளங்கியது. நினைக்கும்போது இன்றும் நெஞ்சு பதறுகிறது. சிவிக்கின் ஹப் (ரிம்மின் மையத் துளை அமரும் பகுதி) விட்டம் 56.1 மில்லிமீற்றர் என்பதால், பெரிய மையத் துளையுள்ள ரிம்முக்கு இடைவெளியை நிரப்பும் இடைவளையம் தேவை என்பதையும் அவரே சொன்னார். வளையங்கள் அவரிடம் இருக்கவில்லை. கொழும்பிலிருந்து வரும்வரை பத்து நாள் காத்திருந்தேன். இன்னொரு குறை, நட்டுகளை எயார் கன்னால் இறுக்கப் பார்த்தார்கள். நான் கேட்ட பின்னரே, குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டோர்க் ரென்ச் வந்தது. நீங்களும் கேளுங்கள்.

டயரின் இறப்பரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எஸ்.சி.சி.ஏ.யின் சாதாரண வீதி வகுப்பில் ட்ரெட்வெயர் எண் (டயர் தேய எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்பதன் குறியீடு, குறைந்தால் பொதுவாக இறப்பர் மென்மை, பிடி அதிகம்) குறைந்தது 200 இருக்க வேண்டும். நான் வாங்கியதும் 200. முந்திய 17 அங்குல டயர்கள் 320. ஆகவே எனக்குக் கிடைத்த ஏறத்தாழ ஒன்றரைச் செக்கன் முன்னேற்றம் முழுவதையும் அளவின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. ட்ரெட்வெயர் எண்ணையும் ஒவ்வொரு நிறுவனமும் தன் சோதனையின்படி இடுவதால், இரண்டு நிறுவனங்களின் 200 ஒரே மாதிரி இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் திகதியையும் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். கடையில் வருடக்கணக்கில் கிடந்து இறுகிய டயர் எந்த அளவாக இருந்தும் பயனில்லை.

காற்றழுத்தத்தை நாங்கள் சோக்கட்டியால் பார்க்கிறோம். டயரின் தோளில் குறுக்காகக் கோடு போட்டுவிட்டு ஒரு சுற்று ஓடினால், எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரை டயர் உருண்டிருக்கிறது. பக்கச்சுவரின் சிறு முக்கோண அடையாளத்தைத் தாண்டி அழிந்திருந்தால் காற்றுக் கூட்டுவேன், அடையாளத்தை எட்டாவிட்டால் குறைப்பேன். முன்சக்கர இழுவைக் கார் என்பதால் முன்பக்கம் 36 பி.எஸ்.ஐ., பின்பக்கம் 32 பி.எஸ்.ஐ. என்பதில் வந்து நின்றிருக்கிறேன்.

வீதியில் இந்தத் தொகுதி சத்தம் போடுகிறது, ஆனால் 17 அங்குலத்தைவிட இடுப்புக்கு எவ்வளவோ இதம். செங்கலடியிலிருந்து மகா ஓயா வழியாகப் பதுளைக்கு ஏறும் ஏ5 வீதியில் முன்பு ஒரு குழியில் ரிம் வளைந்தது. இப்போது அதே பயணத்தை இரண்டு முறை சேதமின்றி முடித்திருக்கிறேன். மழைதான் இதன் பலவீனம். மென்மையான இறப்பரும் ஆழம் குறைந்த தவாளிப்பும் கார்த்திகை, மார்கழியில் வாவியோர வீதிகளில் தேங்கும் நீருக்கு ஏற்றவை அல்ல. அதனால் பழைய 14 அங்குலச் சக்கரங்களையும் அவற்றுக்குரிய உருண்டை வாய் நட்டுகளையும் தனிப் பெட்டியில் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். ஐப்பசி நடுப்பகுதியில் அவற்றைப் பூட்டி, தைப்பொங்கல் கழிந்து களம் காய்ந்த பின்னர்தான் 15 அங்குலத்துக்குத் திரும்புகிறேன்.