மூன்று மார்கழி, ஒரு சோடி தாளம்

மட்டக்களப்பில் கல்லடிப் பக்கத்துக் கோயிலொன்றில் வெள்ளிக்கிழமை பஜனைக்கு ஆள் குறைந்தபோதுதான் என் கையில் தாளத்தை, அதுதான் ஜால்ராவை, திணித்தார்கள். பாடவும் தெரியாது, மிருதங்கமும் தெரியாது. சரி, இதையாவது அடிக்கட்டும் என்று. அது நடந்து மூன்று வருடம்.

முதல் சோடி டவுனில் வாங்கிய மெல்லிய பித்தளை. கடையில் தட்டிப் பார்த்தபோது கிண்ணென்றுதான் கேட்டது. மண்டபத்தில் பத்துப் பேர் பாடும்போது பேணி மூடியைத் தட்டுவது போலிருந்தது. ஆறு மாதத்தில் விளிம்பும் நெளிந்தது. அப்புறம் அத்தான் சிதம்பரம் போய் வரும்போது வார்ப்பு வெண்கலத்தில் ஒரு சோடி கொண்டுவந்தார். பித்தளையில் செம்போடு துத்தநாகம். மணி வார்க்கும் வெண்கலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்ட வெள்ளீயம். நாதம் நீள்வது அதனால்தான். திருக்கோலக்காவில் சம்பந்தருக்குப் பொற்றாளம் கிடைத்தபோது, அதற்கு அம்பாள் தனியாக ஓசை கொடுத்தாள் என்பார்கள். முன்பு அதை வெறும் பக்திக் கதையாகத்தான் கேட்டேன். பித்தளையில் ஏமாந்த பிறகு, பொன்னுக்குத் தானாக நாதம் வராது என்று கதை சொன்னவருக்கு உலோகமும் தெரிந்திருக்கிறது என்று படுகிறது.

முதல் மாதம் முழுக்கக் கைதட்டுவது போல முகத்துக்கு முகம் மோதினேன். நடுவில் காற்று அடைபட்டு 'டப்' என்று செத்த சத்தம். வடமோடிக் கூத்துக்குச் சல்லரி, அதாவது கூத்துத் தாளம், போட்டுப் பழகிய பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு, "மூடாத மனே. விளிம்பால தொட்டு எடு" என்றார். இடக்கைத் தாளம் வானம் பார்த்திருக்க, வலக்கைத் தாளத்தின் விளிம்பு மட்டும் சற்றுச் சரிந்து விழ வேண்டும். உடனே விலக்கினால் நாதம் ஓடும், ஒட்டி வைத்தால் நிற்கும். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையில் எங்கே திறப்பது, எங்கே அடைப்பது என்பதை என் முழங்காலில் தட்டித் தட்டித்தான் பழக்கினார். மூன்றும் நாலுமாக நடக்கும் மிஸ்ர சாபு இன்றும் சில நாள் என்னைக் கவிழ்க்கிறது.

பாட்டு சூடேறினால் கை தானாக விரைகிறது. அப்படி ஓடிவிட்டு மிருதங்கக்காரரை முறைத்த நாட்களும் உண்டு, பிழை என்னுடையது. ஜால்ரா அடிக்கிறவன் என்றால் பின்னால் போகிறவன் என்று யார் சொன்னார்களோ! நான் ஓடினால் கூட்டமே ஓடுகிறது.

குறை என்றால் கயிறுதான். போன திருவெம்பாவைக் காலத்தில், விடிய நாலரைக்குச் சங்கும், தட்டி ஒலிக்கும் சேமக்கலமுமாகத் தெருவால் போகையில் முடிச்சு அறுந்து, ஒரு தாளம் உருண்டு வடிகானுக்குள் போனது. பாட்டு நிற்கவில்லை, நான் மட்டும் போன் வெளிச்சத்தில் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தேன். நைலோன் கயிறு வழுக்கும், விரலையும் அறுக்கும். இப்போது முறுக்கிய பருத்தி நூல், உள்ளே இரட்டை முடிச்சு. கடற்காற்றுக்குப் பச்சைக் களிம்பு பிடிக்கிறது. பழப்புளி போட்டுத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்துத் துணியில் சுற்றி வைக்கிறேன்.

வடிகானில் விழுந்த தாளத்தின் விளிம்பில் நெல்லளவு வடு. நாதம் கெடவில்லை, அடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் வெளிப்பக்கமாகத் திருப்பிப் பிடிக்கிறேன்.