கன்னை மாற்றினால் சார்ஜர் மாறிவிடாது: 86,500 ரூபாய் போனது

என் பழைய மின்கார் சார்ஜரைப் புதிய காருக்கு ஏற்ப மாற்றித் தருவதாகப் பணம் வாங்கிய பட்டறைக்காரரிடம் நேற்று மாலை கடைசியாகப் பேசினேன். "கோளாறு உங்கள் வண்டியில்தான், இனிமேல் என்னைக் கூப்பிடாதீர்கள்" என்று சொல்லி வைத்துவிட்டார். அதன் பிறகு எத்தனை முறை அழைத்தாலும் மணி ஒரு தடவை அடித்து நின்றுவிடுகிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் வெட்கம் வந்துவிடும், பிறகு எழுத மாட்டேன். போன பணம் 86,500 ரூபாய்.

பட்டறையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுக்கும்வரை போடாதே என்று வக்கீல் நண்பர் சொல்லியிருக்கிறார். நேற்றுவரை இன்வெர்ட்டரும் ஸ்டெபிலைசரும் பழுது பார்த்துவிட்டு, இன்று பலகையை மட்டும் 'மின்வாகனத் தீர்வுகள்' என்று மாற்றிக்கொண்ட வகைக் கடை அது. விளம்பரத்தைப் பார்த்தது, பழைய பொருள்களை வாங்கி விற்கும் ஒரு செயலியில். மரியாதையோடுதான் எழுதுகிறேன். 'அவன்' என்று எழுதத்தான் கை துடிக்கிறது.

சென்னை கீழ்க்கட்டளையில் சிறிய டிராவல்ஸ் நடத்துகிறேன். நடத்துகிறேன் என்றால் நான் ஒரு டிரைவர், மைத்துனர் ஒரு டிரைவர், அவ்வளவுதான். முன்பு ஈ-வெரிட்டோ என்ற மின்கார்கள் இரண்டு, பழையவை, வைத்திருந்தோம். ஒரு நிறுவனம் தன் வண்டிகளைக் கழித்துவிட்டபோது அவற்றோடு ஒரு சார்ஜரையும் சேர்த்து வாங்கினேன். 2017-இல் அரசு வகுத்த பாரத் டிசி-001 என்ற நேர்மின்சார வகை, 15 கிலோவாட். ஷெட்டில் மூன்று ஃபேஸ் லைன் இழுத்து, எர்த் குழி தோண்டி அதை நிறுத்தினேன். நன்றாகவே உழைத்தது. வண்டிகளுக்கு வயதாகி பேட்டரி தளர்ந்ததும் விற்றுவிட்டு, 2021 மாடல் நெக்ஸான் மின்கார் ஒன்றைப் பழையதாக வாங்கினோம். இதற்கு சிசிஎஸ்-2 வகைக் கன், அதாவது காரில் சொருகும் கேபிள் முனை, வேண்டும். என் சார்ஜரில் இருப்பதோ ஜிபி/டி என்ற வேறு வகைக் கன். பீரோ அளவுக்கு ஒரு பெட்டி ஷெட்டில் சும்மா நிற்கிறது, நான் வெளியே யூனிட்டுக்கு 20 ரூபாய்க்கு மேல் கொடுத்து, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் கட்டி வரிசையில் நிற்கிறேன். வயிறு எரியாதா?

அப்போதுதான் விளம்பரம் கண்ணில் பட்டது: "பழைய சார்ஜரைப் புதிய கார்களுக்கு மாற்றித் தருகிறோம்."

பட்டறைக்காரர் வந்தார். பெட்டியைத் திறந்து, டார்ச் அடித்து அரை மணி நேரம் பார்த்தார். "அண்ணே, இவ்வளவு நல்ல பெட்டியைப் பழைய இரும்புக்கா போடுவது? உள்ளே எல்லாம் புத்தம் புதிதாக இருக்கிறது. கன்னையும் கேபிளையும் மாற்றி, ஒரு சின்ன போர்டு வைத்தால் போதும்" என்றார். கைப்பேசியில் ஒரு வெள்ளைக் கார் சார்ஜ் ஆகும் வீடியோவைக் காட்டினார். அந்தச் சார்ஜரின் பெட்டி படத்தில் தெரியவே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

ஆனாலும் நான் விழுந்தது வீடியோவில் இல்லை. முன்பணம் 45,000 ரூபாயை ஐந்நூறு ரூபாய்த் தாள்களாக எண்ணிக் கொடுத்தேன். அவர் ஒரு முறை எண்ணினார், மறுபடியும் எண்ணினார். "அண்ணே, ஒரு தாள் அதிகம் இருக்கிறது" என்று ஒரு ஐந்நூறைத் திருப்பி நீட்டினார். அன்று இரவு சாப்பிடும்போது மனைவியிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன்: இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா என்று. 86,500 ரூபாயை விழுங்குவதற்கு 500 ரூபாய்த் தூண்டில். தாள் உண்மையிலேயே அதிகம் இருந்ததா என்றே இப்போது சந்தேகமாக இருக்கிறது.

பத்து நாள் கழித்து "கன் வந்துவிட்டது" என்று 30,000. பொருத்தும் அன்று வயரிங் கூலி, சில்லறைச் சாமான் என்று 11,500. ஆக மொத்தம் 86,500. ரசீது என்று கொடுத்தது, வெற்றுத் தாளில் கையால் எழுதி ரப்பர் முத்திரை குத்திய ஒன்று. ஜிஎஸ்டி எண் கிடையாது. கேட்டதற்கு, "பில் போட்டால் உங்களுக்குத்தான் வரி கூடும்" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. என் தவறையும் எழுதத்தானே வேண்டும்.

கன்னைக் காரில் சொருகினோம். டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. கன் காரோடு பூட்டிக்கொள்ளவில்லை. சார்ஜ் ஏறவில்லை.

"கார் சாஃப்ட்வேரை அப்டேட் செய்யுங்கள், தானாக ஏறும்" என்றார். சர்வீசுக்கு அலைந்து அரை நாள் வாடகையை விட்டேன், ஏறவில்லை. அடுத்து "எர்த் சரியில்லை, குழியில் உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள்" என்றார். போட்டேன், ஊற்றினேன். வீட்டுக்கே லாரித் தண்ணீர் வாங்கும் ஊரில் குழிக்கு நான்கு குடம்! அதற்கும் அடுத்து "உங்கள் ஏரியாவில் மின்வாரிய வோல்ட்டேஜ் குறைவு". நேரில் போனால் கடைப் பையன், "அண்ணன் ஸ்ரீபெரும்புதூர் சைட்டுக்குப் போயிருக்கிறார்" என்கிறான். அண்ணனின் பைக் வாசலிலேயே நிற்கிறது. செயலிக்கு எழுதினால், "வாங்குபவரையும் விற்பவரையும் இணைப்பது மட்டுமே எங்கள் பணி" என்று ஒரே பதில் மூன்று முறை வந்தது. மூன்றாவது முறை என் பெயரையும் தப்பாகப் போட்டிருந்தார்கள்.

கடைசியில் அக்கா மகன் வந்து பார்த்தான். மின்னணுவியல் படித்தவன், இந்தத் துறையிலேயே வேலை செய்கிறான். பெட்டியைத் திறந்ததும் சிரித்தான், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "மாமா, இது பழைய 48 வோல்ட், 72 வோல்ட் வண்டிகளுக்காகச் செய்த பெட்டி. முழு மூச்சில் தள்ளினாலும் 100 வோல்ட்தான். உங்கள் புதிய காரின் பேட்டரிக்கு 300 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். கீழ்த்தளக் குழாயின் முனையை மாற்றிவிட்டால் நான்காம் மாடிக்குத் தண்ணீர் ஏறிவிடுமா?" என்று கேட்டான்.

அது மட்டுமில்லை. சார்ஜரும் காரும் முதலில் பேசிக்கொள்ள வேண்டுமாம். எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், எப்போது நிறுத்துவது என்று எல்லாவற்றையும். பழைய ஜிபி/டி சார்ஜர் அதை 'கேன்' என்ற முறையில் தனிக் கம்பிகளில் பேசும். சிசிஎஸ்-2 கார், கன்னில் உள்ள 'பைலட்' என்ற சைகைக் கம்பி வழியாக 'பிஎல்சி' என்ற வேறு முறையில் பேசும். ஒன்று தெலுங்கு, ஒன்று வங்காளம். நடுவில் மொழிபெயர்க்க போர்டு இருந்தாலும் வோல்ட்டேஜ் வராது. சரி, அந்தச் 'சின்ன போர்டு' எங்கே என்று தேடினோம். ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. உள்ளே பச்சை நிற எல்இடி, அதற்கு ஒரு ரெசிஸ்டர், முடிந்தது. கன்னிலிருந்து வந்த பைலட் கம்பி எதிலும் இணையாமல் கறுப்பு டேப் சுற்றித் தொங்கிக்கொண்டிருந்தது. எல்இடி மட்டும் அழகாக எரிந்தது. 86,500 ரூபாய்க்கு ஒரு பச்சை விளக்கு.

உண்மையில் மாற்ற வேண்டுமென்றால் உள்ளே மின்சாரத்தை மாற்றித் தரும் பவர் மாட்யூல், கட்டுப்பாட்டு போர்டு, பாதுகாப்புச் சாதனங்கள் எல்லாமே மாற வேண்டுமாம். மிஞ்சுவது தகரப் பெட்டிதான். அதற்குப் புதிய சார்ஜரே வாங்கிவிடலாம். என் ஷெட்டில் மதிப்புள்ளவை அந்த மூன்று ஃபேஸ் லைனும் எர்த் குழியும்தான் என்றான். உப்பும் கரியும் போட்டதாவது வீண் போகவில்லை.

யாரும் ஏமாறாமல் இருக்கப் பத்துக் குறிப்புகள் எழுத நினைத்திருந்தேன். நேரமில்லை, இவ்வளவுதான்: சார்ஜரின் தகட்டில் வெளியீட்டு வோல்ட்டேஜ் என்ன என்று முதலில் படியுங்கள். 100 வோல்ட் என்று இருந்தால் இப்படிப்பட்ட காருக்கு அடாப்டர், கன் எதுவும் உதவாது, பேச்சையே எடுக்காதீர்கள். பழைய பாரத் ஏசி-001 என்ற மாறுமின்சார வகை வைத்திருப்பவர்கள் கலங்க வேண்டாம். அது வெறும் 16 ஆம்பியர் தொழிற்சாலை சாக்கெட்தான். காரோடு வரும் ஏசி கேபிளுக்கு அதற்குத் தோதான பிளக் போட்டால் இரவு முழுக்க 3.3 கிலோவாட்டில் ஏறும், பிளக்கை மட்டும் தெரிந்த எலெக்ட்ரீஷியன் போடட்டும். உங்கள் காரிலேயே ஏற்றிக் காட்டும்வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள். பில் இல்லாமல் கொடுக்கவே கொடுக்காதீர்கள். டேப் சுற்றிய கேபிளை "இன்னொரு முறை முயன்று பார்ப்போம்" என்று காரில் சொருகாதீர்கள், நேர்மின்சாரம் விளையாட்டல்ல.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பதிவு செய்துவிட்டேன். ஜி-பே வழியாகப் போனது 41,500 மட்டும். முதல் 45,000 ரொக்கம், அதற்குச் சாட்சி அந்த ரப்பர் முத்திரைத் தாள்தான். நாளை மறுநாள் வக்கீல் நண்பரைப் பார்க்கிறேன்.

மணி பத்தே கால். அதிகாலை நான்கரைக்கு மீனம்பாக்கம் விமான நிலைய டிரிப் இருக்கிறது, வண்டியில் 22 சதவீதம்தான் காட்டுகிறது. வரிசையில் நிற்கக் கிளம்புகிறேன்.